டாக்டர் வீட்டுச் சீம்பால்

6-2-1984
கீழ்பென்னாத்தூரில் கன்று வளர்ப்புக் கூட்டம். மாட்டு டாக்டர் என்ற முறையில் ஒரு மணி நேரம் முழங்கினேன். மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு பிறக்கிறது, கன்றுக்கு அது சீம்பாலில்தான். கொரோனா என்றொரு கிருமி கழிச்சலைக் கொண்டுவரும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஒரு நாள் போனால் குடல் கதவைச் சாத்திவிடும், சக்தி இரத்தத்தில் சேராது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டத்திலிருந்த மதார் சாகிப் கேட்டார், "இந்தக் கொரோனா மனுசனுக்கு வராதாங்க?"

"வரும், சளியோட போயிடும். மறுபடியும் வரும்" என்று சொல்லித் தும்மினேன். அதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

9-2
எங்கள் பசு ஈன்றது. கிடேரிக் கன்று. வேங்கிக்கால் கேம்ப் முடிந்து சாயங்காலம்தான் வந்தேன். என் மனைவி சந்திரகலா சொன்னாள், "நஞ்சுக்கொடி மத்தியானந்தான் விழுந்துச்சு, அதுவரைக்கும் கன்ன வுடல. பால முழுக்கக் கறந்து காய்ச்சி நாலு வூட்டுக்குக் குடுத்தாச்சு. உங்களுக்குத் தனியா வெச்சிருக்கேன்."

வெல்லம், ஏலக்காய். மூன்று கிண்ணம் தின்றேன். கன்றுக்கும் ஏதோ மிச்சம் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன் — நினைத்தேனா?

10-2
இன்னும் ஏப்பம்.

14-2
கன்றுக்குக் கழிச்சல். மஞ்சள் தண்ணீராகப் போகிறது. உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்றுகிறேன். காய்ச்சிய சீம்பாலில் சக்தியும் செத்திருக்கும். எங்களுக்கும் பிரயோஜனமில்லை, கன்றுக்கும் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னியே, படிச்சு என்னடா கிழிச்சே?

15-2
கன்று எழுந்திருக்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த பொன்னி, தூக்குவாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். விடியற்காலை அவள் பசு ஈன்றதாம். "நீங்க சொன்னாப்புலயே மொதல்ல கன்னுக்கு வுட்டேங்க. மீந்தது இது, உங்களுக்கு."

கன்றைக் காட்டி எல்லாம் சொன்னேன்.

"வூட்ல சொல்லலீங்களா சார்?" என்றாள். அதற்குப் பதில் அவள் சிரித்தாவது இருக்கலாம்.

கன்றுக்கு இந்த வயதில் சீம்பாலின் சக்தி இரத்தத்தில் சேராது. ஆனால் குடலில் இருக்கும் கிருமியை அங்கேயே மடக்கலாம். பொன்னி கொண்டுவந்ததைப் பச்சையாகவே, வேளைக்கு ஒரு டம்ளர் ஊட்டினோம்.

16-2
பயமா இருக்கு. செத்துடுமோ.

18-2
கழிச்சல் நின்றது. கன்றும் எழுந்து நின்றது. சந்திரகலா அழுதாள். நானும்தான்.

3-3
பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பிய கன்றின் சாணத்துக்குப் பதில் வந்தது: கொரோனா. கடிதத்தைக் கன்று மென்று தின்னப் பார்த்தது, பிடுங்கி வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் பேசச் சொன்னேன் பொன்னியை. "எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றாள்.

"செஞ்சத சொல்லும்மா, போதும்."

நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. சிறப்புரை: பொன்னி. வரவேற்புரை: நான்.