கூடத்துப் படத்தில் இருப்பது யார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். உன் நலத்தைக் கேட்டால் “நல்லா இருக்கேன்பா” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால் பாதிதான் நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது, அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

இன்டர்நெட்டில் நம் போட்டோக்களை வைத்திருந்த கம்பெனி இந்த மாதத்தோடு கடையைக் கட்டுகிறதாம். இனி ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் சரி, எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம், படமும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டுப் போகாது என்கிறான் உன் தம்பி. ரெண்டு பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று நாம் போட்ட ஃபோல்டரை அப்படியே காட்டும், வேறு வம்புக்குப் போகாது. இன்னொன்று முகம் பார்த்து ஆள் ஆளாக அடுக்கும். அம்மாவுக்கு அதுதான் வேண்டும், உன் அக்கா படமெல்லாம் ஒரே இடத்தில் வருமே என்கிறாள். அக்கா தவறிப்போன பிறகு அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான், எந்த வாயால் வேண்டாம் என்பேன்.

நேற்று அம்மா வேலைக்குப் போயிருந்தபோது தம்பி அதைச் சோதித்துப் பார்த்தான். கூடத்தில் மாட்டியிருக்கும் அக்கா படத்தை, அந்த நீலக் கவுன் படத்தை, அது உன் படங்களோடு சேர்த்துவிட்டது. பெற்றவனுக்குத் தெரியாதது இந்தத் தகர டப்பாவுக்கா தெரியும் என்று கத்தினேன். அவன் படத்தைப் பெரிதாக்கினான். கவுனின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே பழைய மடிப்புக் கோடு. அந்தக் கவுனை அக்காவுக்குத் தைத்தவன் நான். அக்கா போன பிறகு, நீ அவளைவிட உயரமாக வளர்ந்ததும், மடிப்பைப் பிரித்து இறக்கி உனக்குப் போட்டுவிட்டவனும் நான்தான். அக்கா போட்டிருந்தவரை அந்தக் கோடே கிடையாது. அந்த வருஷங்களில் அம்மாவும் நானும் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை மகளே. பின்னால் பெட்டியைக் கிளறியபோது இந்தப் படத்தில் அந்தக் கவுனைப் பார்த்தோம், அவள்தான் என்று சட்டம் போட்டு மாட்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே உட்கார்ந்து முகங்களுக்குப் பெயர் கொடுக்கப் போகிறாள். முதல் மென்பொருளையே போட்டு வாயை மூடிக்கொள்வோம் என்கிறான் தம்பி. நான் இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவிக்கிறேன். உனக்கு முன்பே தெரியுமா? லீவில் வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாய், நானும் அக்கா ஞாபகம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லலாமா கூடாதா, உன் முடிவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பி எண்ணுக்கு மட்டும் பதில் அனுப்பு, மறந்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. போன வாரம் “அம்மா என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுறதே இல்லப்பா” என்று அழுதாய், நானும் ஆமாம் என்றேன். பால் திரிந்தது முதல் முழங்கால் வலி வரைக்கும் தினமும் காலையில் அந்தப் படத்தின் முன் நின்று ஒன்று விடாமல் சொல்கிறாள். இத்தனை வருஷமாக உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

உன் அப்பா