ஜோடி வேலைக்கு ஒருத்தி

குவார்ட்ஸைட், அரிசோனா
ஆகஸ்ட் 5

அன்புள்ள கொரீனுக்கு,

இங்கே நான் நலம், கடை நலம், உன் அண்ணன் க்ளே வீட்டிலும் குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே நலம் என்று வழக்கம்போல ஒரு வரி எழுதிவிடலாம்தான், ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தபிறகு அப்படி எழுதக் கை வரவில்லை, அதனால் உடம்பாவது நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். சனிக்கிழமை துணி துவைக்க ஊருக்குள் வருகிறேனே, அப்போது போனில் பேசலாமே என்பாய். போனில் எனக்குப் பிடிக்காத இடம் வந்தால் உனக்கு சிக்னல் போய்விடும், பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். காகிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது. தபால் ஆபீஸில் உன் பெயருக்கு எடுத்து வைத்திருப்பார்கள், வாங்கி, மெஷினில் துணி சுற்றி முடிவதற்குள் முழுக்கப் படி.

வெயில் இங்கே நூற்றுப் பதினைந்து டிகிரிக்குக் குறையவில்லை. ஊரில் ஆள் இல்லை, வண்டி இல்லை, அக்டோபரில் டிரெய்லர்காரர்கள் கூட்டம் வரும்வரை நானும் சரக்கு அலமாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். காலையில் மூன்று மணி நேரம் திறக்கிறேன், நேற்று முழுக்க ஒரு தண்ணீர்க் குழாயும் இரண்டு ரப்பர் வளையமும் போயின. க்ளேயின் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, விழுந்த பல்லுக்குக் காசு தர வேண்டும் என்று என்னிடம் பேரம் பேசினாள், கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். இந்தக் குடும்பத்தில் எனக்கு அடுத்து வியாபாரம் யாருக்கு வரும் என்று தெரிந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு, உன் புருஷன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் நீ எழுதியது இது: ரஸ் டிரக்கை எடுத்துக்கொண்டு போய் ஏழு வாரம் ஆகிறது, இந்த ஏரிக்கரை கேம்ப்பின் மேனேஜர் டூமியிடம் அவனுக்கு முதுகு வலி, டிரெய்லருக்குள் படுத்திருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இனிமேல் அது நிற்காது, அவர் உனக்குப் போன் பண்ணினால் ரஸ் உன் வீட்டில்தான் இருக்கிறான், வைத்தியம் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லிவிடு அம்மா. டிரெய்லரை நிறுத்தும் இடத்துக்குப் பதிலாக ஜோடியாகச் செய்ய ஒத்துக்கொண்ட வேலையில் அவனுடைய இருபது மணி நேரத்தையும் உன்னுடைய இருபதையும் வாரா வாரம் நீ ஒருத்தியே செய்வதாகவும் எழுதியிருந்தாய். எட்டுக் கழிப்பறை, தங்க வருகிறவர்கள் மூட்டும் முப்பத்தாறு நெருப்புக் குழிகளின் சாம்பல், விறகு விற்பது, போகிறவர் வருகிறவரை எழுதி வைப்பது எல்லாம். பொய் சொல்ல எனக்குக் கூச்சம் என்று நினைத்துவிடாதே, சரக்கு எப்போது வரும் என்று கேட்கிறவர்களிடம் முப்பது வருஷமாக வியாழக்கிழமை வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு வியாழக்கிழமை இருக்கிறது, சரக்கு எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். உன் பொய்க்கு அது இல்லை.

டூமி வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். நல்ல மாதிரிதான் பேசினார். உங்க மாப்பிள்ளை முதுகு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் பண்ணினேன் மேடம் என்றார். நான் பதில் சொல்லாமல், எம் பொண்ணு வேலை எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க முதல்ல என்றேன். ஆறு வருஷத்துல அந்தக் கழிப்பறைங்க இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல என்றார். அப்புறம் கொஞ்சம் இழுத்து, ஆனா வந்து தங்கிட்டுப் போறவங்க எல்லாரும் ஒரு அம்மாவத்தான் பாத்தோம்னு சொல்றாங்க, அந்த ஆள ஒருத்தரும் பாக்கலயே என்றார். நான் சொன்னேன், மிஸ்டர் டூமி, எங்கிட்ட கேக்க வேண்டியதக் கேளுங்க, குழாய் வேணுமா, கூரைக்கு ஒட்டுற பசை வேணுமா, தர்றேன். எம் பொண்ணுகிட்ட கேக்க வேண்டியத அவகிட்டயே கேளுங்க. மனுஷன் சிரித்துவிட்டார். இருபத்திரண்டாம் தேதி அந்தப் பக்கம் வர்றேன், அப்பக் கேக்குறேன், ஐடஹோவிலேர்ந்து ஒரு ஜோடி அந்த இடத்தக் கேட்டு நச்சரிக்குது, அதையும் சொல்லிட்டேன் என்று வைத்துவிட்டார். ஆக, நான் உன்னைக் காட்டியும் கொடுக்கவில்லை, நீ கேட்ட பொய்யைச் சொல்லவும் இல்லை. அவருக்குத் தெரியும் கொரீன். தெரிந்துதான் கேட்டார்.

இதற்கே உனக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும், அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரஸ் கூப்பிட்டான். வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்றுக்குக் குழாய் ஏற்றிப் போகும் வேலையாம். கொரீன் எப்படி இருக்கா அத்தை என்றான். அவகிட்ட கேளுடா என்றேன். அங்க சிக்னல் இல்லையே என்றான். தபால் இருக்கே, ஸ்டாம்ப் வேணும்னா நான் அனுப்புறேன் என்றேன்.  அப்புறம், டிரக் இல்லேன்னா இங்க வேலை இல்ல அத்தை, நான் திரும்பி வரமாட்டேன்னு நினைக்கிறேன், அத அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல என்றான். கெட்டவன் இல்லை அவன், அது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை இன்னொருத்தர் வாயால் சொல்ல வைக்கிறவன், அவ்வளவுதான். அந்த வாய் என் வாயாகிவிட்டது, மன்னித்துக்கொள். நீ டூமியிடம் அடுத்த வாரம் எழுந்துவிடுவான், அடுத்த வாரம் எழுந்துவிடுவான் என்று சொன்னதில் பாதி உனக்கு நீயே சொல்லிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. உன் அப்பா வீட்டை விட்டுப் போன அந்த வருஷம் நானும் கடையில் வந்தவர்களிடம் பின்னால் இருக்கிறார், வருவார் என்று இரண்டு மாதம் சொன்னேன். அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை.

இந்தச் சங்கடத்தில் என் பங்கும் இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். நாலு வருஷம் முன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டு டிரெய்லரையே வீடாக இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறோம் என்று நீங்கள் இருவரும் வந்து நின்றபோது, டிரெய்லர் உன் பேரில் இருக்கட்டும், டிரக் அவன் பேரில் இருக்கட்டும் என்று சொன்னவள் நான்தான். எது நடந்தாலும் கூரை என் மகளுக்கு, என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி நினைத்துக்கொண்டேன். இழுக்க வண்டி இல்லாத டிரெய்லர் வீடு இல்லை, அடுத்தவன் இடத்தில் கிடக்கும் பெட்டி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டிரெய்லருக்குச் சாமான் விற்றே பிழைக்கிறவளுக்குத் தோன்றவில்லை பார். இப்போது நாற்பது மணி நேரம் முதுகொடிய நீ உழைப்பது டூமிக்குப் பயந்து இல்லை. அங்கிருந்து நகர முடியாது என்பதால். துணி துவைக்கப் போகக்கூட அந்த வாரம் தங்க வந்த யாராவது காரில் ஏற்றிக்கொண்டால்தான் உண்டு.

ஜோடி, ஜோடி என்று கேட்கிற ஊர் இது என்பது எனக்குப் புதிதில்லை. ஒரு இடம், ஒரு கரண்ட் கம்பம், அதற்கு நாலு கை கிடைக்கும் என்றால் இரண்டு கைக்கு யார் கொடுப்பான். போன குளிர்காலம் என் கடைப் பலகையில் எழுபது வயசுக்காரர் ஒருவர், வேலைக்கு மட்டும் ஜோடி தேவை, வண்டி தனித்தனி, சமையல் தனித்தனி என்று எழுதி ஒட்டினார். ஒரே வாரத்தில் அடியில் தொங்கின நம்பர் சீட்டு அத்தனையும் கிழிந்து போய்விட்டது. நீ அப்படி எதிலும் இறங்க வேண்டாம், என்னையும் ஜோடியாகக் கூப்பிட வேண்டாம். நான் வந்தால் இரண்டாம் நாளே உன் விறகுக் கட்டை அடுக்கு சரியில்லை என்று பிரித்து அடுக்குவேன், மூன்றாம் நாள் நீ என்னை ஏரியில் தள்ளுவாய்.

அதனால் என் நீல டிரக்கை உனக்கு அனுப்புகிறேன். லூப்பே அர்ரியாகாவைத் தெரியுமல்லவா, பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், இங்கே என் கடைக்குப் பின்னால் வேனைப் போட்டுத் தங்கியிருக்கிறாளே, அவள் தங்கை வீடு ஒரிகனில் உன் பக்கம்தான். அவள் ஓட்டிக்கொண்டு பதினான்காம் தேதிக்குள் வந்து சேர்வாள், அங்கிருந்து தங்கை வந்து அழைத்துக்கொள்வாள். நிறுத்தாமல் பேசுவாள், பேசட்டும், முட்டை மட்டும் வைக்காதே, ஒத்துக்கொள்ளாது. டிரக்கின் உரிமைச் சீட்டு முன்பெட்டியில் இருக்கிறது, என் கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன் பேருக்கு மாற்றிக்கொள். குறையைச் சொல்லாமல் எதையும் கைமாற்றி எனக்குப் பழக்கமில்லை: ஏ.சி. வேலை செய்யாது, இறக்கத்தில் கியரைக் குறைத்தே வா, இடது கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு இடி இடிக்க வேண்டும். டிரெய்லர் பிரேக்குக்கான ஒயர் புதிதாகப் போட்டிருக்கிறேன். அம்மா தியாகம் பண்ணிவிட்டாள் என்று அழுதுகொண்டு நிற்காதே, கோடையில் அது சும்மா நிற்கிறது, கூட்டம் வருவதற்குள் வேறு ஒன்று பார்த்துக்கொள்வேன்.

எதற்கு டிரக், வெறும் பேச்சு போதாதா என்று கேட்பாய். மேசை ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சந்தை போட்ட காலத்தில் ஒரு தடவை பிளைத் ஊரில் என் வண்டி நின்றுபோனது. மொத்த வியாபாரி ஒருவன் கூரைத் துணி வாங்க வந்தான், காலையில் ஒத்துக்கொண்ட விலைதான். வந்தவன் என் வண்டியின் முன்மூடி திறந்து கிடப்பதைப் பார்த்தான், சரக்கைப் பார்க்கவே இல்லை. பாதிதான் தருவேன் என்றான், கொடுத்தேன். போக வழி இல்லாதவள் எந்த விலைக்கும் தலையாட்டுவாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆகவே இருபத்திரண்டாம் தேதி காலையில் முதல் காரியமாக டிரக்கை டிரெய்லரில் மாட்டு, டிரெய்லரின் முட்டுக்கால்களைத் தூக்கி வை, வண்டி முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்து. டூமி வரும்போது பார்க்கட்டும். பிறகு உட்கார்ந்து மரியாதையாகப் பேசு: ஒரு ஆள் வேலை, ஒரு ஆளின் மணி நேரம், அதே இடம். அந்தக் கழிப்பறைகளை இவ்வளவு நாளும் ஒரு ஆள்தான் கழுவினாள் என்பதையும் சொல். ஒத்துக்கொண்டால் சீசன் முடியும்வரை இரு. முடியாது என்றால் கை குலுக்கிவிட்டுக் கிளம்பு. அக்டோபரில் மினசோட்டாவில் பீட்ரூட் அறுவடைக்கு ஆள் எடுப்பார்கள், சர்க்கரைக்குப் போகிற வெள்ளைக் கிழங்கு, அங்கே ஜோடியா ஒண்டியா என்று யாரும் கேட்பதில்லை, பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியுமா என்றுதான் கேட்பார்கள். குளிருக்குக் கனமான காலுறை வாங்கிக்கொள். இல்லை, தெற்கே இறங்குகிறேன் என்றால் என் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, ஆனால் உனக்குப் போக்கிடம் இல்லை என்று இங்கே வராதே, வர வேண்டும் என்று தோன்றினால் வா.

நீ எங்கே வண்டியை நிறுத்தினாலும் அந்த இடம் சமமாக இருக்கட்டும், தண்ணீர் கிடைக்கட்டும், நல்ல மனிதர்கள் பக்கத்தில் அமையட்டும், கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, டூமி கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிட வேண்டும். முதல் வார்த்தை இதுதான்: நான் ஒருத்திதான் இங்க இருக்கேன் மிஸ்டர் டூமி. இதை ஏரிக்கரையில் நின்று நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகு. முதல் தடவை குரல் உடையும். நாலாவது தடவை உடையாது, நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
மார்வா ஸ்டிக்னி