இரண்டு ஒயர், ஒரே எழுத்து

தாஷ்-சாய், கிர்கிஸ்தான்
மே 14

அன்புள்ள சகின் அவர்களுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு நாளாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் சுரங்கத்துக்குச் சாமான் ஏற்றி வரும் லாரிக்காரர் தாலந்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் டிவி நிலையத்து விஷயம். கருவிகளை மாடிக்கு மாற்றினார்கள். சுரங்க வேலைக்குப் போகும் முன் நீங்கள் அமைத்துக் கொடுத்த இரும்பு அடுக்குக்கு நான்தான் ஒயர்களைத் திரும்ப மாட்டினேன். நெட்வொர்க் ஒயர்கள் எல்லாம் சரி. பச்சை விளக்கு எரிந்தது, படமும் பளிச்சென்று வந்தது. வெள்ள எச்சரிக்கையைத் திரையின் அடியில் ஓடவிடும் பெட்டிக்குத்தான் தகவல் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு சீரியல் ஒயர்கள். இரண்டிலும் உங்கள் கையெழுத்தில் ஒரு ருஷ்ய ‘வ’! உள்ளே வரும் ‘வ்ஹோத்’துக்கும் அதே எழுத்து, வெளியே போகும் ‘வீஹோத்’துக்கும் அதே எழுத்து. உங்களுக்கென்ன, எல்லாம் மனதிலேயே இருக்கும்! நானும் குத்துமதிப்பாக மாட்டிவிட்டுச் சோதிக்காமல் விட்டேன். என் தப்புதான்.

செவ்வாய் மதியம் மலையில் பேய்மழை. வெள்ள எச்சரிக்கை டிவி நிலையத்துக்கு வந்துவிட்டது, ஆனால் திரையில் ஓர் எழுத்தும் ஓடவில்லை. மாற்றி மாட்டினால் அந்தப் பெட்டி புகையாது, கத்தாது, சும்மா இருக்கும். கீழே பள்ளத்தாக்கில் உங்கள் தம்பி குபாத் டிவியைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நாய் விடாமல் குரைத்ததால் வெளியே வந்தவன், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். பதினோரு ஆடுகளைச் சேற்றுவெள்ளம் கொண்டுபோனது. மறுநாள் வந்து, “படம் மட்டும் ரொம்ப அழகா வந்துச்சு, அண்ணி” என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நிலையத் தலைவர் அசான்பெக் அண்ணன்தான் திட்டினார். “ஏம்மா புருல், ஒயரு மாட்டுறதும் தலை பின்னுறதும் ஒண்ணுன்னு நெனச்சியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சரியாக மாட்டியதும் எழுத்து ஓடியது. இப்போது ஒவ்வொன்றிலும் முழு வார்த்தை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். கிளம்பும்போது ஜூன் இருபதை வட்டமிட்டு ‘வ’ என்று எழுதினீர்களே. திரும்பி வருவது என்றுதான் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். ருஷ்ய மொழியில் கிளம்பிப் போவதற்கும் அதே எழுத்துதான். போன மாதம் நீங்கள் இன்னும் வடக்கே வேறு வேலை என்று போனில் பேச்செடுத்தபோது நான் கத்தாமல் இருந்திருக்க வேண்டும்.

அல்லா உங்களைக் கண்ணும் கருத்துமாகக் காக்கட்டும். தாலந்த் திரும்பும்போது பதில் கொடுத்தனுப்புங்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். எதுவானாலும் முழுதாக எழுதுங்கள்.

உங்கள்
புருல்