என் மனைவி நடப்பதை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும்

அனுப்புநர்:
டைல்ஸ் பதிக்கும் கொத்தனார்
(வெளிநோயாளர் சீட்டு எண் 4417-க்குரிய தபால்காரப் பெண்ணின் கணவர்)

பெறுநர்:
முதன்மை மருத்துவ அலுவலர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: காரணம் தெரியாமல் என் மனைவிக்கு ஏற்படும் தள்ளாட்டம் – நரம்பியல் மருத்துவரின் ஆலோசனை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி பத்தொன்பது ஆண்டுகளாகச் சைக்கிளில் தபால் கொடுத்து வருபவர். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு காலை, வீட்டு வாசலிலேயே சைக்கிளோடு சாய்ந்தார். கல் தடுக்கவில்லை, நாய் குறுக்கே வரவில்லை. அன்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

2. பிறகு முகம் கழுவும்போது விழுந்தார். சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடல் சாய்கிறது. "தரைதான் ஒரு பக்கமா இறங்குது, நீங்க போட்ட தரைதானே" என்று கேலி செய்தார். தொழிலுக்கு வந்த பழி என்பதால் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் இருந்தது. அதன்பின் இருவருமே சிரிக்கவில்லை.

3. தங்கள் மருத்துவமனைக்கு நான்கு முறை வந்தோம். முதல் மருத்துவர் ரத்த அழுத்தம் சரி என்றார். இரண்டாமவர் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். மூன்றாமவர், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும், தைரியமா இருங்க" என்றார். நான்காமவர் சீட்டில் 'மனப்பதற்றம்' என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்ட வாரத்தில் இரண்டு முறை கூடுதலாக விழுந்ததுதான் கண்ட பலன்.

யாரையும் குறைகூறுவது என் நோக்கமல்ல. வரிசை எவ்வளவு நீளம் என்பதை அதில் நின்றே அறிவேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நால்வரும் அவரை உட்காரவைத்தே பார்த்தார்கள். எழுந்து நடக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது என் மனைவிக்கு ஒரு குறையும் கிடையாது.

4. இப்போது வீட்டுக்குள் சுவரைப் பிடித்தே நடக்கிறார். கை உரசிய அழுக்கு சுவரில் கோடாகத் தெரிகிறது. போன வாரம் நான் வெளியே போயிருப்பதாக நினைத்து, அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

5. ஆகவே, அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி வைக்குமாறும், அந்தத் தூக்க மாத்திரையைத் தொடரலாமா என்பதைத் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் அறை வாசலில் இருப்போம். அங்கிருந்து ஜன்னல் வரை பதினான்கு தப்படி, அளந்துவிட்டேன். அவர் நடப்பார். விழாமல் பிடிக்க நான் பின்னாலேயே வருவேன். ஒரு மருத்துவர் நின்று பார்த்தால் போதும். அன்று இயலாதென்றால் செவ்வாய் வருவோம். செவ்வாயும் இயலாதென்றால் புதன் வருவோம்.

தங்கள் பார்வைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கொத்தனார்

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: வெளிநோயாளர் கூடம்

இணைப்பு: அவர் விழுந்த இடம், நாள், வேளை அடங்கிய பட்டியல், ஒரு தாள். கடைசி இரண்டு வரிகளை, இம்மனுவைப் படித்த பின் என் மனைவி தம் கையால் எழுதிச் சேர்த்தார். அந்த இரண்டு முறை அவர் விழுந்தது இன்றுவரை எனக்குத் தெரியாது.