ஆல்பனிக்கு ஓசிப் பயணம்

ஆல்பனி, 1874 பிப்ரவரி 3

அன்புள்ள அல்மைரா,

நலம். இந்தச் சட்டசபையில் மனிதர்களைத்தான் காணவில்லை. ஒவ்வொருவன் கோட்டுப் பையிலும் ரயில் கம்பெனி கொடுத்த இலவசச் சீட்டு. ஓசிப் பயணத்துக்கு வாலாட்டும் இவர்களிடம் நான் நியாயம் பேச வேண்டியிருக்கிறது. நம் நகர்மன்றம் ஆற்றங்கரைத் தெருவைக் கம்பெனிக்குத் தாரை வார்த்ததை என் மசோதா ரத்து செய்யும். ஓசிச் சீட்டையும் ஒழிக்கும். தண்டவாளம் வந்தால் கடையை இழக்கப்போகும் பீப்பாய்க்காரர் டட்டிலிடம், கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் லூஷியஸ்

மில்ஃபோர்டு, பிப்ரவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பைப் பற்றி 'நலம்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுதினால் என்ன? டட்டில் தினமும் வந்து விசாரிக்கிறார். தேவாலயத்தில் கவுன்சிலர் மனைவி புதுக் கம்பளிச் சால்வையோடு வந்து, காசில்லாமல் நியூயார்க் போய்வந்த பெருமையை அளந்தாள். என் வீட்டுக்காரர் பிச்சைச் சீட்டில் ஏறமாட்டார் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் அல்மைரா

ஆல்பனி, மார்ச் 20

அன்புள்ள அல்மைரா,

மசோதா நிறைவேறியது. சில திருத்தங்கள், நேரில் சொல்கிறேன். கம்பெனிக்காரர்கள் நாம் நினைத்த அளவு மோசமில்லை. அடுத்த சனிக்கிழமை இங்கே அவர்கள் விருந்து. சாம்பல் நிறப் பட்டு உடையை உடுத்திக்கொண்டு வா. டட்டிலிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

உன் லூஷியஸ்

மில்ஃபோர்டு, மார்ச் 28

திரு. பென்ஹாலோ அவர்களுக்கு,

பட்டு உடையை உடுத்திக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னலில் நான் நீட்டிய காசை ஸ்டேஷன் மாஸ்டர் திருப்பித் தள்ளினார்.

"உங்க வீட்டு வக்கீலய்யா இப்ப நம்ம கம்பெனி ஆளும்மா. உங்ககிட்ட காசு வாங்கினா என் வேலை போயிடும்."

வரிசையில் பாதி ஊர் நின்றது. கவுன்சிலர் மனைவியும் நின்றாள். அவள் சிரிக்கக்கூட இல்லை, நகர்ந்து இடம் கொடுத்தாள், சேர்ந்து போகலாம் என்பதுபோல. எனக்குப் பின்னால் டட்டில், கையில் தன் சீட்டுக்கான காசோடு.

"அப்போ தெரு போச்சாம்மா?" என்றார்.

அந்தப் பதிலைச் சொல்லும் தைரியம் உங்களுக்கு இல்லை. நான் சொன்னேன், போய்விட்டது என்று. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

சட்டசபைக்காரர்களை வாலாட்டுகிறவர்கள் என்றீர்கள். அவர்களாவது யோக்கியன் வேஷம் போடவில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வரலாம், செலவே இல்லையே. வீடு பூட்டியிருக்கும். நான் டட்டிலின் வண்டியில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். வண்டிக் கூலியை அவர் வாங்கிக்கொண்டார்.

அல்மைரா