யாலக் காட்டோரத்தில் துரைக்கூடாரம்

2 ஜூன் 1954, தலவாக்கலை

இன்று என் நாக்கு என்னைக் கேட்காமலே ஒரு ராஜ்ஜியத்தை எழுதிக் கொடுத்துவிட்டது.

அக்கா மகள் நாகலெட்சுமியைப் பெண் பார்க்க வட்டகொடையிலிருந்து காளியாயி அம்மாள் வந்திருந்தார். தோட்டத்து ஆட்களுக்குத் தலைவராய் இருந்து காலமான பெரியகங்காணியின் மனைவி. மகன் நல்லமுத்து தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பையனுக்கும் பெண்ணுக்கும் எப்போதோ மனம் ஒத்துவிட்டது. மிச்சம் இருப்பது தாயின் சம்மதம் ஒன்றுதான். அந்த அம்மாள் எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவைத் தகரம் முதல் தரை வரை அளந்தார்.

"பொண்ணு லெட்சணமாத்தான் இருக்கு. எடந்தான்…"

அக்கா அழகம்மாவின் முகம் சுருங்கியது. தாய்மாமன் நான் சும்மா இருப்பேனா?

"நாங்க வீட்டுல எங்கம்மா இருக்கோம்! வருசா வருசம் யாலக் காட்டோரமா துரைமார் மாதிரி கூடாரம் போட்டுல்ல தங்குறோம். கட்டிலு, கம்பளம், குளிக்கத் தொட்டி!"

அவர் வெற்றிலையை நிதானமாக மடித்தார். "அப்ப இந்தத் தடவ நாங்களும் வர்றோம் தம்பி. அங்க வச்சே முடிவச் சொல்றேன்."

யாலக் காட்டை நான் கண்டதே இல்லை. முதலாளியின் மரக்கறி லொறியை ஓட்டிக்கொண்டு திஸ்ஸமகாராமைச் சந்தை வரை போயிருக்கிறேன். அவ்வளவுதான்.

3 ஜூன்

அக்கா பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

5 ஜூன்

நுவரெலியாவில் பியதாச என்பவர் துரைமாருக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறார். விரித்துக் காட்டினார். அடேயப்பா! உள்ளே பெரட்டு வைத்து நானூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கலாம். யானையே வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையும். வாடகையைச் சொன்னார். நான் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கிராமபோனை விற்றேன். இனி இந்த மலைநாட்டில் சங்கீதம் கிடையாது.

அக்கா இன்றுதான் வாய் திறந்தாள். "ஏன்டா, துணிக்குள்ள படுத்து எந்திரிக்கவா இவ்வளவு? இந்தக் காசுல கூரத் தகரத்த மாத்தியிருந்தா அந்தம்மா மூஞ்சியச் சுளிச்சிருக்குமா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது.

9 ஜூன்

"மாமா, உண்மையச் சொல்லிருவோமா?" என்றாள் நாகலெட்சுமி.

"சொல்லலாம். சொன்னா அந்தம்மா என்ன சொல்லும்?"

விளக்குத் திரியை இறக்கினாள். "வேணாம் மாமா."

அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. என் வாய்க்கொழுப்புக்கு இவள் வாழ்க்கையா பணயம்?

முதலாளியிடம் லொறியைக் கேட்டு வாங்கிக் கழுவினேன். லீக்ஸின் வெங்காய வாசனை போகவில்லை. ஊதுபத்தி கொளுத்தினேன். இப்போது கோயிலில் லீக்ஸ் விற்பது போல் மணக்கிறது.

12 ஜூன், காட்டோரம்

வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பியதாசவும் கூட வந்து கூடாரத்தை அடித்துக் கொடுத்தார். காளியாயி அம்மாள் கட்டிலை அழுத்திப் பார்த்தார், கம்பளத்தைக் காலால் தடவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வருசா வருசம் வர்றீங்களே, தண்ணி எந்தப் பக்கம் தம்பி?"

கிழக்கே கையைக் காட்டினேன். பியதாச மேற்கேயிருந்து வாளியோடு வந்தார். என் கை தானாக மேற்கே திரும்பியது. காளியாயி அம்மாள் அதையும் பார்த்தார்.

சாப்பாட்டுச் சாமான் ஒன்றையும் கூடாரத்தருகே வைக்கக்கூடாது, வாசனைக்கு மிருகம் வரும், எல்லாம் லொறிக்குள் என்று பியதாச கண்டித்துச் சொன்னார். அரிசி, கருவாடு, பிஸ்கட் வரை ஏற்றிப் பூட்டினோம்.

மாலையில் காளியாயி அம்மாள், "புது மண்ணுல சாமி கும்பிடாமப் படுக்கிறதா?" என்றார். மலையில் தேயிலைச் செடி வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் படைப்போமே, அதே மாதிரி. பாலை மரத்தடியில் கல் நட்டு, சக்கரைப் பொங்கல், ஒரு தார் வாழைப்பழம், வெல்லம். விடியும்வரை தொடக்கூடாது என்பது அவர் உத்தரவு. வெல்லத்தில் ஒரு கட்டியை மட்டும் பிரசாதமாக முந்தானையில் முடிந்துகொண்டார். பியதாச குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்; இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

படையல் சாப்பாட்டுச் சாமான் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? சாமிக்கு வைத்தது எப்படிச் சாமானாகும்!

13 ஜூன், இரவு, வீடு

எழுதியே ஆகணும்.

பெண்கள் மூவரும் கூடாரத்தில். நான், நல்லமுத்து, பியதாச லொறியில். வெளுக்கும் நேரம் கண் விழித்தால் பாலை மரத்தடியில் ஒரு மலை. மலை வாழைத்தாரை வாயில் போட்டது. பொங்கலை வழித்தது. பிறகு தும்பிக்கையை நீட்டிக் கூடாரத்தை முகர்ந்தது.

நல்லமுத்து குதிக்கப் போனான். பியதாச அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நான் லொறியின் ஹோனில் கை வைத்தேன். "எப்பா! எப்பா மாத்தயா!" என்று சிங்களத்தில் வேண்டாமென்று கெஞ்சி என் கையைத் தட்டிவிட்டார்; சத்தம் கேட்டால் மிரண்டு மிதிக்குமாம். அப்ப என்னதான் செய்யறது? உள்ள என் அக்கா, என் புள்ள! தும்பிக்கை துணியைக் கிழிச்சு உள்ளே போயிருச்சு. நான் அத்தனை சாமியையும் கூப்பிட்டேன், ஒரு பேரும் முழுசா வரல.

திடீரென்று கிழிசல் வழியாக ஏதோ வந்து தூரப் புல்லில் விழுந்தது. யானை திரும்பியது. எடுத்து வாயில் போட்டது. அப்படியே காட்டுக்குள் நடந்தது.

வெல்லக்கட்டி. காளியாயி அம்மாள் உறைந்துபோய் உட்கார்ந்திருக்க, நாகலெட்சுமிதான் அவர் முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து எறிந்தாளாம். அக்கா சொன்னாள்.

பியதாச மரத்தடியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யாரு இத வச்சது?"

காளியாயி அம்மாள் தலை கவிழ்ந்தது. நாகலெட்சுமி அவர் கையைப் பிடித்தாள்.

"கதிர்காமத்துப் பக்கத்துல சாமிக்கு வச்சோம். பிள்ளையாரே வந்து வாங்கிக்கிட்டாரு. வாங்க அத்தை, தேத்தண்ணி ஊத்துறேன்."

வள்ளி கல்யாணத்துக்கும் இதே யானைதான் வந்தது என்று சொல்ல என் வாய் துடித்தது. வரலாற்றில் முதல் தடவையாக அடக்கிக்கொண்டேன்.

வட்டகொடை வரை காளியாயி அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிவையும் சொல்லவில்லை.

14 ஜூன்

கிழிந்த கூடாரம் தனக்கு வேண்டாம், விலை கொடுத்து எடுத்துக்கொள் என்கிறார் பியதாச. அதற்கு என் சைக்கிளும் போயிற்று. ஓட்டைச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி, நான்.

20 ஜூன்

வட்டகொடையிலிருந்து சேதி இல்லை. நாகலெட்சுமி கொழுந்து பறிக்கப் போய் வருகிறாள். சிரிப்பதில்லை.

29 ஜூன்

கொட்டும் மழை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு காளியாயி அம்மாள் தனியாக வந்து நின்றார். கையில் கோணி ஊசி, நூல்கண்டு.

"கூடாரத்த எடுங்க தம்பி."

காம்பராத் தரையில் உட்கார்ந்து கிழிசலை மடியில் இழுத்துப் போட்டார். தைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்க அதுக்கு முந்தி அங்க போனதே இல்லன்னு தண்ணி கேட்டப்பவே தெரியும். கிழக்கயும் காட்டுறீங்க, மேக்கயும் காட்டுறீங்க."

நான் நூல்கண்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

"படையல வைக்கச் சொன்னவ நான். இந்தப் புள்ள அந்த எடத்துலயும் என்னைய விட்டுக் குடுக்கல. அதுக்குப் பெறகு வாயத் தொறக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு." நூலைப் பல்லால் கடித்தார். "மதினி, ஆவணியில வச்சுக்குவமா?"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊதுகுழலே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

29 ஆகஸ்ட்

கல்யாணம் முடிந்தது. லயத்து வாசலில் கூடாரம்தான் பந்தல். நான் வாயால் வரவழைத்த நாலாயிரம் விருந்தாளிகளில் ஒரு நூறு பேர் வந்தார்கள். தாலி கட்டும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. துரைமார் துணி நாலு பக்கமும் ஒழுகியது.

"இதுக்கா அவ்வளவு காசு?" என்றாள் அக்கா, நனைந்துகொண்டே.

மணவறையைக் காட்டினேன். பொண்ணும் மாப்பிள்ளையும் காளியாயி அம்மாள் தைத்த ஒட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மட்டும் ஒழுகவில்லை.