சந்தனத்துக்கு அடியில்

2 மார்ச் 2025
கலாவதி டீச்சர் இந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் 'ஐயாவு' என்று நானே எழுதினேன். எழுபத்திரண்டு வயதில் என் பெயரைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. "தாத்தா, இனிமே கண்ணுல படுறத எல்லாம் படிங்க லா," என்றார். எழுத்து வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்திலிருந்து வீடு வரும்வரை ஒரு பலகையையும் விடவில்லை.

4 மார்ச்
மிளகாய்த்தூள் பாக்கெட் முழுவதையும் படித்து முடித்தேன்!

7 மார்ச்
பத்தாங் பெர்ஜுந்தாயில் பழைய குத்தகையாளரின் கொட்டகைக்குப் போனேன். சாலையோரம் மண்ணுக்கடியில் கேபிள் இழுக்கும் கூட்டத்துக்கு அங்கே பதினெட்டு வருடம் நான் மண்டோர்; ஆட்களை வேலை வாங்குபவன். காவலுக்கு இருக்கும் பாலகிருஷ்ணன், "என்னா மண்டோரே, படிக்கிறீங்களாமே? ஆபீஸ்ல எழுதுற கிராணி வேலைக்கா?" என்றான்.

கேபிளை இழுக்கும் எங்கள் வின்ச்சு ஒரு மூலையில் துருப்பிடித்து நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழம் வெட்டி, அதன் முன்பக்கத் தகட்டில் நான்தான் சந்தனம் பூசுவேன். பூசுவதற்கு வாகான இடம் அது. பழைய சந்தனம் இன்னும் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் தமிழ்! சாவியால் முழுவதும் சுரண்டி, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'இரும்புக் கயிறு இறுகியிருக்கும்போது அதற்கு நேரே நிற்காதீர். அறுந்தால் உயிர் போகும்.'

திரும்பும் வழியில் எந்தப் பலகையையும் படிக்கவில்லை.

8 மார்ச்
எங்கள் கூட்டத்து நாராயணசாமியை அன்றைக்குக் கயிற்றுக்கு நேரே நிற்கச் சொன்னது நான். "கயிறு நேரா வருதான்னு பாரு," என்றேன். அறுந்த கயிறு அவன் நெஞ்சில் அடித்தது. பதினாலு வருடம் ஆகிறது. அன்றைக்கு எல்லோரிடமும் என்ன சொன்னேன்? அவனாகப் போய் நின்றான் என்று. அவன் மனைவி இராஜம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் பூசாம இருந்திருந்தா படிச்சிருப்பான் இல்ல? படிச்சிருப்பானே —

11 மார்ச்
எழுத்து ஓடவில்லை.

16 மார்ச்
இராஜம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு மேல தப்பு இல்லியா?"

"இல்ல, தங்கச்சி."

"பதினாலு வருசமா அந்த மனுசனத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன், அண்ணே."

மடித்து வைத்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

23 மார்ச்
நாராயணசாமி இறந்த நாள். வருடம் தவறாமல் படையல் சோறும் வடையும் இராஜம்மா தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தருவாள். இரண்டு மணி வரை தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கழுவிக் கவிழ்த்தேன்.